தப்பிய விபத்துகளின் பதிவேடு

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் தேதி எழுதுகிற வேலை வருடம் முழுக்க எனக்குத்தான் வரும். ரப்பர் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்த என்னைப் பத்தே மாதத்தில் தரத்துக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பாளர் ஆக்கியதற்கு அதைத் தவிர வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை. அதனால்தான் இந்த வாக்குமூலத்தையும் நானே எழுதித் தருகிறேன் என்று உங்களிடம் தாள் கேட்டு வாங்கினேன். உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் எழுதியதைப் பார்த்தேன். குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்த வரி கீழே இறங்குகிறது.

பெயர் ஜனகராஜ். வயது நாற்பத்தொன்பது. வீடு பசுமலையில். வேலை, கொட்டாம்பட்டி போகிற நான்குவழிச் சாலையை ஒட்டியுள்ள ரப்பர் கம்பெனியில். இதிலெல்லாம் எனக்குத் தகராறு இல்லை. ரைட்டர் எழுதிய மூன்று பக்கத்தில் ஒரே ஒரு வரியில்தான் தகராறு. 'பொய்யான பதிவுகளைத் தயாரித்தார்' என்று எழுதியிருக்கிறார். அதை அடித்துவிட வேண்டும். மற்றவற்றை நானே ஒப்புக்கொள்கிறேன், ஐயா. யாரும் என்னை மிரட்ட வேண்டியதில்லை.

பதினோரு வருடமாக நான் வைத்திருந்த பதிவேடுகளில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. மற்ற இடங்களில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தணிக்கைக்கு முந்தின வாரம் நாலைந்து விதமான பேனாக்களை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு வருடத்துப் பதிவை ஒரே உட்காரலில் எழுதி முடிப்பார்கள். பழசாகத் தெரியட்டும் என்று மேலே இரண்டு சொட்டு டீயையும் விட்டுக்கொள்வார்கள். அந்த மாதிரி ஆட்களெல்லாம் இன்று வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் வருடம் எங்கள் கம்பெனியில் தீயணைப்பு ஒத்திகை நடத்தாமல் விட்டுப்போயிற்று. முதலாளி அழகுராஜா, "நடந்ததா எழுதிருங்க சார், யாரு பாக்கப் போறா" என்றார். நான் எழுதவில்லை. சித்திரை வெயிலின் உச்சியில் மணியை அடித்து, அறுபது பேரையும் வெளியே ஓடவிட்டு, தலை எண்ணி முடிக்கிறவரை சிமென்ட் முற்றத்தில் நிற்க வைத்தேன். பலருடைய செருப்பு உள்ளேயே கிடந்தது. ஒரு அம்மாள் மயங்கி விழுந்தாள். அதையும் எழுதினேன்: ஒருவருக்கு மயக்கம், முதலுதவி அளிக்கப்பட்டது. அந்த வருடம் வந்த தணிக்கையாளர் அந்த வரியைத்தான் பாராட்டினார். ஒத்திகை உண்மையாகவே நடந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம் என்றார்.

எங்கள் தொழிலில் ஒரு அடிப்படை உண்டு. செய்வதை எழுத வேண்டும். எழுதியதைச் செய்ய வேண்டும். எல்லோரும் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் இரண்டாவது பாதிக்கும் மரியாதை கொடுக்கிறவன்.

போன ஆவணியில், எங்களிடம் வண்டிகளுக்கான ரப்பர் புஷ் வாங்குகிற சென்னைக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கையில் இருக்கிற பழைய பாதுகாப்புச் சான்றிதழ் இனிமேல் செல்லாது, புதிய தர நெறிக்கு மாறியாக வேண்டும், தை மாதத்துக்குள் மாறாவிட்டால் ஆர்டர் நின்றுவிடும் என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு கம்பெனியை நம்பித்தான் ரப்பரைச் சூட்டில் அழுத்துகிற எங்கள் ஆறு பிரஸ்ஸும் ஓடுகின்றன. முதலாளி கடிதத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனார். மதுரையில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் வகுப்பு நடந்தது. போய் உட்கார்ந்து முழுதாக எழுதிக்கொண்டு வந்தேன். என் பக்கத்தில் இருந்தவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கிப்போனார்கள்.

தப்பிய விபத்து என்றால் என்னவென்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். நடந்திருக்க வேண்டிய விபத்து, மயிரிழையில் நடக்காமல் போனது. புதிய நெறிப்படி அதைத் தொழிலாளியே எழுதித் தர வேண்டும். அதை வைத்து நாங்கள் காரணத்தைக் கண்டுபிடித்து, சரிசெய்து, சரிசெய்தது பலித்ததா என்று மறுபடியும் பார்க்க வேண்டும். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. அவர்கள் எழுதிப் போட ரோஸ் நிறத்தில் அட்டை அடித்து, கேண்டீன் வாசலில் பூட்டுப் போட்ட பெட்டி ஒன்றை மாட்டினேன். இரண்டு மாதம் கழித்துத் திறந்தபோது உள்ளே ஒரு மிட்டாய்த் தாளும், சாம்பாரில் உப்பு அதிகம் என்று ஒரு புகாரும் இருந்தன.

நீங்கள் நேற்று கேட்ட முடிச்சு விஷயத்தையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். பிரஸ்களுக்குப் பின்னால் ஜன்னல் இருக்கிறது. அதன் கம்பிகளில் முப்பது, முப்பத்தைந்து மஞ்சள் துணி முடிச்சுகள் தொங்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நாணயம் இருக்கும். சாமி காரியம் என்று நானும் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தேன். வேலையிடத்தில் வேண்டாத பொருள் எதுவும் இருக்கக்கூடாது என்று வகுப்பில் சொன்னார்கள். திரும்பி வந்த மறுநாள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனேன். நாலு முடிச்சு அறுப்பதற்குள் மூன்றாவது பிரஸ்ஸில் நிற்கிற முத்துத்தாய் ஓடிவந்தாள். இருபது வருடமாக அதே பிரஸ்ஸில் நிற்கிறவள்.

"சார், அதை அறுக்காதீக. அம்புட்டும் கை தப்புனதுக்கு முடிஞ்சு போட்டது."

"எப்பத் தப்புனது?"

"ஒவ்வொருக்கா ஒவ்வொருத்திக்கு. கை தப்புன அன்னைக்கே கருப்பசாமிக்கு ஒரு ரூவா முடிஞ்சிருவோம். மாசியில கொண்டுபோயி உண்டியல்ல போடுவோம்."

"தேதி எழுதி வச்சிருக்கீங்களா?"

"சாமிக்கு எதுக்கு சார் தேதி?"

மூன்றாவது பிரஸ்ஸுக்கு நேராக இருந்த கம்பிகளில் மட்டும் பதினான்கு முடிச்சு இருந்தது. எண்ணிப் பார்ப்பது என் பழக்கம். நாணயங்களை அவளிடமே கொடுத்து, கோயிலில் சேர்த்துவிடச் சொன்னேன். துணிகளைக் குப்பையில் போட்டுவிட்டு, 'வேண்டாத பொருள்கள் அகற்றப்பட்டன' என்று பதிந்தேன். அந்த முடிச்சுகள்தானே உங்களுக்கு வேண்டியிருந்த பதிவேடு என்று கேட்டீர்கள். நல்ல கேள்விதான். ஆனால் முடிச்சில் நேரம் கிடையாது, காரணம் கிடையாது, கையொப்பம் கிடையாது. கருப்பசாமி தணிக்கைக்கு வந்து சாட்சி சொல்லப்போவதும் இல்லை.

கார்த்திகையில் சென்னையிலிருந்து தணிக்கையாளர் முதல் கட்டப் பார்வைக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். தப்பிய விபத்துகளுக்கு என்று நான் கோடு போட்டு அட்டை ஒட்டி வைத்திருந்த பதிவேட்டைப் புரட்டினார். ஒரு வரி இல்லை. "அறுபது பேரு, ஆறு பிரஸ், ஒண்ணுகூடத் தப்பலையா? நம்புற மாதிரி இல்லையே சார்" என்று சிரித்தார். சிரித்ததோடு விடவில்லை. அறிக்கையிலும் எழுதினார்: பதிவேடு நம்பத்தகுந்ததாக இல்லை. தை மாதம் மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

என்னை யாரும் அதுவரை பொய்யன் என்று சொன்னதில்லை. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பஸ்ஸில் வரும்போது அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். இதை நான் மறைக்க வேண்டிய அவசியமில்லை.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். "நாலஞ்சு எழுதிப் போடுங்க சார். ஒங்க கையெழுத்துல இருந்தா எவன் சந்தேகப்படப் போறான்" என்றார். என்னால் பொய் எழுத முடியாது என்றேன். ஆர்டர் போனால் அறுபது வீட்டிலும் அடுப்பு எரியாது என்று அவர் சொன்னார். அதுவும் உண்மைதான். கடைசியில், "அப்ப என்னமோ செய்யிங்க, பெட்டியில அட்டை விழணும்" என்று எழுந்து போய்விட்டார்.

அட்டை விழ வேண்டுமானால், முதலில் அது நடக்க வேண்டும்.

எண்ணெய் டிரம்கள் இருக்கிற மூலையில் ஒரு டம்ளர் எண்ணெய் ஊற்றினேன். ஒரு டம்ளர்தான். எங்கள் ஃபிட்டர் கண்ணுச்சாமி அந்தப் பக்கம் வந்தான், வழுக்கினான், தூணைப் பிடித்து நின்றுகொண்டான். "எவனோ கொட்டிட்டுப் போயிருக்கான்ணே" என்றான். அட்டையை நீட்டி எழுதச் சொன்னேன். எழுதினான். வழுக்கியது உண்மை, தப்பியது உண்மை, எண்ணெய் கிடந்ததும் உண்மை. டிரம்முக்குக் கீழே தகரத் தட்டு வேண்டும் என்று அவர்கள் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அட்டை விழுந்த அடுத்த வாரமே தட்டு வந்துவிட்டது. இன்றைக்கும் அந்த மூலையில் தரை காய்ந்து கிடக்கிறது, போய்ப் பாருங்கள்.

பிறகு ஏணியில் ஒரு படியைத் தளர்த்தினேன். ரப்பர் கட்டுகளை ஒரு பக்கமாகச் சாய்த்து அடுக்கினேன். சுவிட்ச் போர்டுக்குக் கீழே தண்ணீர் தேங்கவிட்டேன். மூன்று வாரத்தில் ஏழு அட்டை சேர்ந்தது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. ஒவ்வொரு முறையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். ஏணியும் மாற்றப்பட்டது, அடுக்குவதற்குத் தாங்கியும் வந்தது. அந்தக் கம்பெனி பாதுகாப்பான இடமாக மாறிக்கொண்டிருந்தது, அதை மாற்றிக்கொண்டிருந்தவன் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

ஆனால் ஏழும் சில்லறை விஷயங்கள். ஆபத்து அதிகமான இடம் பிரஸ் என்று எங்கள் ஆவணமே சொல்கிறது. அங்கிருந்து ஒரு அட்டையும் வரவில்லை என்றால் அந்தத் தணிக்கையாளர் மறுபடி சிரிப்பார்.

பிரஸ் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சூடான இரண்டு தட்டுகள். கீழ்த்தட்டில் ரப்பர் துண்டுகளை அடுக்கிவிட்டு முன்கதவைச் சாத்தினால், கீழ்த்தட்டு மேலேறி மூடிக்கொள்ளும். கதவு திறந்திருந்தால் அசையாது. கதவு மூடியிருக்கிறதா என்பதை ஓரத்தில் இருக்கிற ஒரு சின்ன சுவிட்ச்சை வைத்துத்தான் மெஷின் தெரிந்துகொள்கிறது. அந்த சுவிட்ச் எப்போதும் அழுந்தியே இருந்தால், கதவு மூடியிருப்பதாக நினைத்துக்கொண்டு மெஷின் சற்று நேரத்தில் தட்டைத் தானே ஏற்றிவிடும். ஒரு ரோஸ் அட்டையை நாலாக மடித்துச் செருகினால் அது அழுந்தியே இருக்கிறது.

முதல் தடவை முத்துத்தாய். அவள் கையை உள்ளே விடுகிற ஆளே இல்லை. ஒரு வேப்பங்குச்சி வைத்திருப்பாள், அதைக் கொண்டுதான் துண்டுகளைத் தள்ளுவாள். யாரோடு பேசினாலும் ஒரு கண் தட்டின் மேலேயே இருக்கும். தட்டு ஏறியதும் குச்சியை விட்டுவிட்டுப் பின்னால் வந்துவிட்டாள். குச்சி நொறுங்கியது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். மறுநாள் ஜன்னல் கம்பியில் புதிதாக ஒரு மஞ்சள் முடிச்சு இருந்தது. அதை நான் அறுக்கவில்லை.

அவளுக்கு எழுத வராது. அவள் சொல்லச் சொல்ல அட்டையை எழுதிக் கொடுத்தது சத்யப்ரியா. அப்போதுதான் அந்தப் பெண்ணின் கையெழுத்தைக் கவனித்தேன். எழுத்துகள் கோட்டில் உட்கார்ந்திருந்தன. டிப்ளமோ படித்துவிட்டு ஆறு மாதம் முன்னால் சேர்ந்தவள், வயது இருபத்திரண்டு, அப்பா இல்லை. பொங்கல் கழித்து அவளை என் உதவியாளராக எடுத்துக்கொள்ளலாமா என்று முதலாளியிடம் கேட்டு வைத்தேன். அவளிடமும் சொன்னேன். "நெசமாவா சார், எங்கம்மா நம்பவே மாட்டாக" என்று சிரித்தாள். அவள்மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முத்துத்தாயின் அட்டைக்குத் தீர்வாகப் பிரஸ்ஸில் நிற்கிற எல்லோருக்கும் பயிற்சி வைத்தேன். குச்சிகளைத் தடை செய்தேன். அவை அனுமதி பெற்ற கருவிகள் அல்ல. காலையில் வந்தவுடன் சுவிட்ச்சைச் சோதித்துக் கையொப்பம் போட வேண்டும், அதன்பிறகு கதவு திறந்திருக்கிறவரை தட்டு அசையாது, பயப்படாமல் வேலை பார்க்கலாம் என்று சொல்லிக்கொடுத்தேன். முடிவில் பத்துக் கேள்விகள் கேட்டேன். "சுவிட்சு கெடக்கட்டும் சார், கண்ணு தட்டுலயே இருக்கணும்" என்றாள் முத்துத்தாய். அந்த விடை தாளில் இல்லை. அவளுக்கு மூன்று மதிப்பெண். சத்யப்ரியாவுக்குப் பத்துக்குப் பத்து.

சரிசெய்தது பலித்ததா என்று பார்க்க வேண்டும் என்று மேலே எழுதினேன் அல்லவா. புதிய நெறியில் அதுதான் முக்கியம். பயிற்சி கொடுத்தோம் என்று கையெழுத்து வாங்கி வைத்தால் போதாது. அதே பிழை மறுபடி வந்தால், பயிற்சி பெற்றவர் அதைத் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிற அன்று வாத்தியார் நன்றாகப் படிக்கிற பிள்ளையைத்தான் எழுப்பிவிடுவார். நானும் அதைத்தான் செய்தேன்.

தை மாதம் தணிக்கையாளர் வருகிற நாள். பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். காலை எட்டு மணிக்கு, முத்துத்தாய்க்குப் பதிலாக நான் நிறுத்திய சத்யப்ரியா மூன்றாவது பிரஸ்ஸில் சுவிட்ச்சைச் சோதித்துக் கையொப்பம் போட்டாள். அப்போது அது சரியாகத்தான் இருந்தது. ஒன்பதரைக்கு எனக்கு அலுவலகத்தில் கொஞ்சம் எழுத்து வேலை இருந்தது, முடித்தேன். பத்து மணி தாண்டி அவள் தண்ணீர் குடிக்கப் போனபோது, அட்டையை மடித்துச் செருகினேன்.

திரும்பி வந்து கதவைத் திறந்தாள். குச்சி இல்லாததால் இரண்டு கைகளையும் உள்ளே விட்டு அடுக்க ஆரம்பித்தாள். நான் ஆறடி தூரத்தில் நின்றேன். தட்டு அசைந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. அவள் தட்டைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தாள். கதவு திறந்திருந்தது. திறந்திருந்தால் அசையாது என்று நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். என் பயிற்சியை முழுக்க நம்பியவள் அவள் ஒருத்திதான்.

கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்டீர்கள். கூப்பிட்டால் அவளாகக் கண்டுபிடித்ததாக ஆகாது.

மெஷினை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை அழுத்தியது நான்தான். தாமதமாக அழுத்தியதாகக் கண்ணுச்சாமி சொல்லியிருக்கிறான், இருக்கலாம். தட்டின் சூடு நூற்று அறுபது டிகிரி. இரண்டு கைகளும் மணிக்கட்டுவரை. மீதி மருத்துவமனை அறிக்கையில் இருக்கிறது, நான் எழுத வேண்டியதில்லை. ஆம்புலன்ஸ் வெளியே போகும்போது தணிக்கையாளரின் கார் உள்ளே வந்தது. சுவிட்ச்சுக்குள்ளிருந்து ரோஸ் அட்டையை எடுத்து உங்களிடம் கொடுத்தது கண்ணுச்சாமி. அந்த அட்டை என்னுடையதுதான். செருகியதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் என்னை அழைத்துக்கொண்டு வரும்போது முத்துத்தாய் வாசலில் மறித்தாள். "கண்ணைத் தட்டுல வையிடின்னு அந்தப் புள்ளைக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னேன் சார். தப்புன்னு மார்க்கு போட்டது நீங்க" என்றாள். அவள் அழவில்லை. என்னிடம் அதற்குப் பதில் இருந்தது, ஆனால் உங்கள் காவலர் நடக்கச் சொன்னார்.

என் மனைவி ஹம்சவேணி நேற்று பார்க்க வந்தாள். உங்கள் காவலருக்குப் புரியாத எங்கள் வீட்டு மொழியில், தாழ்ந்த குரலில் கேட்டாள்: நாலு பொய்யை எழுதிக் கொடுத்திருக்கக் கூடாதா என்று. இருபத்திரண்டு வருடம் என்னோடு குடித்தனம் செய்தவள், என்னைப் புரிந்துகொண்டது அவ்வளவுதான். வருத்தமாக இருந்தது.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். உங்கள் மேஜையில் இருக்கிற பதிவேட்டில் ஒன்பதாவது பதிவைத்தான் பொய் என்கிறீர்கள். அதை நானே இங்கே எடுத்து எழுதுகிறேன். இடம்: மூன்றாவது பிரஸ். நேரம்: காலை 10.15. கதவு திறந்திருந்தபோது தட்டு அசைந்தது. பயிற்சி பெற்ற தொழிலாளி சத்யப்ரியா உடனே கவனித்துக் கைகளை எடுத்துக்கொண்டார். காயம் எதுவும் இல்லை. பயிற்சி பலித்தது உறுதி செய்யப்பட்டது. இதை அன்று காலை ஒன்பதரைக்கு எழுதினேன். தணிக்கையாளர் வந்த பிறகு அவசரத்தில் எழுதினால் எழுத்து கோணிப்போகும். எழுதிவிட்டு, எழுதியதைச் செய்யத்தான் போனேன்.

அந்தப் பதிவின் கடைசிக் கட்டத்தில் தொழிலாளியின் கையொப்பம் இல்லை. அது காலியாகவே இருக்கிறது, இனிமேலும் அப்படித்தான் இருக்கும். ஆகவே முழுமை பெறாத பதிவு என்று வேண்டுமானால் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் பெண்ணின் கைகளுக்கு நான்தான் காரணம் என்று எழுதுங்கள், அதற்கும் போடுகிறேன். பொய்ப் பதிவு என்று மட்டும் எழுதாதீர்கள். காயம் எதுவும் இல்லை என்று நான் எழுதியபோது, அவளுக்குக் காயம் எதுவும் இல்லை.